அலமாரிக்காரர் செய்த விளையாட்டுப் பெட்டி

அலமாரிக்காரர் மதித்த வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவர் செய்கிற வேலை. மற்றவர்கள் செய்வதெல்லாம் வேலை என்ற பெயரில் கை காலை ஆட்டுவது. கொத்தனார் என்றைக்காவது சுவரை நேராகக் கட்டியிருக்கிறானா? கட்டியிருந்தால் அலமாரி சுவரோடு ஒட்டி உட்காராதா? குழாய்க்காரன் இழுப்பறை வரவேண்டிய இடமாகப் பார்த்துத்தான் குழாயை இறக்குவான். எலக்ட்ரீஷியனுக்குச் சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால்தான் தூக்கம் வரும். வீட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத மனுஷன் வந்து நின்றுகொண்டு, மேல் தட்டு இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும் என்பார். வைக்கலாம், எட்டி எடுக்க ஏணியும் சேர்த்துச் செய்து தருகிறேன் என்று இவர் பதில் சொல்வார். அப்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.

வேலை தெரியாதவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். தெரிந்தவர்தான். சமையலறை அலமாரிகள் செய்வதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் மாட்டிய கதவு சாத்தினால் சத்தம் வராது, அவர் ஒட்டிய மைக்காவின் ஓரத்தில் நகம் நுழையாது. ஆனால் வேலை தெரிந்துவிட்டால் போதும், மனுஷனை மனுஷன் மதிக்கத் தெரிய வேண்டியதில்லை என்று யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருந்த அவருடைய பட்டறையில் ஆள் தங்கமாட்டார்கள். பாலிஷ்காரர் ஒருவர்தான் பல வருஷமாக நின்றார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கேட்டது மனசுக்குள் போகாது. அலமாரிக்காரரின் மனைவிக்கும் அதே வரம் இருந்தது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். பல் டாக்டர் ஒருவரிடம் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. தங்கமான பெண் என்று ஊரே சொல்லும். அவள் ஒரு நாள் வந்து, தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பையன் வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருக்கிற விளையாட்டுக் கூடத்தில் மெஷின்களைப் பழுது பார்க்கிறான் என்று சொன்னாள். அதாவது குச்சியை ஆட்டி, பட்டனைத் தட்டி, திரையில் இரண்டு பொம்மைகள் அடித்துக்கொள்ளுமே, அந்த மெஷின்கள். அலமாரிக்காரர், கிலுகிலுப்பையை ரிப்பேர் செய்கிறவனுக்கும் பெண் கொடுக்கிற காலம் வந்துவிட்டதா என்று மனைவியிடம் கேட்டார். கல்யாணம் நடந்தது.

மாப்பிள்ளை என்றால் மரியாதை கொடுத்துத்தானே ஆக வேண்டும். கொடுத்தார். வாயில் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை." மனசுக்குள் "வந்துட்டான்." நாமும் அவர் மனசை ஒட்டியே போகிறோம், ஆகவே இந்தக் கதையில் மாப்பிள்ளை "அவன்" தான். பையன் கோபித்துக்கொள்ளமாட்டான். கோபித்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் அவரிடம் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கமாட்டான்.

இரண்டு தெரு தள்ளி இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தார்கள். எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது, விளையாட்டுக் கூடத்தை மூடப்போகிறோம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்தே விளையாடுகிறார்கள், மெஷின் முன்னால் வந்து நிற்க யார் இருக்கிறார்கள் என்பது காரணம். மாப்பிள்ளைக்கு வேலை போகப்போகிறது. அலமாரிக்காரர் இதைக் கேட்டதும், "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். எப்போது நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்து பலகை தூக்கட்டுமே என்றும் சொன்னார். மகள் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஆனால் ஒரு வழி இருந்தது. நகரத்தின் மறுகோடியில் பெரிய கம்பெனி ஒன்று புதுக் கூடம் திறக்கிறது. திறப்பை ஒட்டி ஒரு போட்டி. கடைசி எட்டுப் பேரில் வருகிறவர்களைக் கூடத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தார்கள். மாப்பிள்ளை நன்றாக விளையாடுவான், சிக்கல் என்னவென்றால் அவனுக்குக் குச்சியும் பெரிய பட்டன்களும்தான் பழக்கம். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்குகிற சின்னக் கன்ட்ரோலரில் அவன் கை ஓடாது. போட்டிக்கு அவரவர் சாதனத்தை அவரவரே கொண்டுவர வேண்டும். குச்சி வைத்த பெட்டி கடையில் கிடைக்கும். அதை வாங்குகிற நிலைமையில் அவர்கள் இல்லை. ஆகவே தானே செய்துவிடலாம் என்று முடிவு செய்தான். செத்துப்போன மெஷின் ஒன்றிலிருந்து குச்சியையும் பட்டன்களையும் கழற்றிக்கொள்ள முதலாளி விட்டுவிட்டார். யாரோ விளையாடித் தேய்த்துப் போட்ட பழைய கன்ட்ரோலர் ஒன்றைச் சல்லிசாக வாங்கினான். அதன் மூளையைப் பிடுங்கி இந்தக் குச்சிக்கும் பட்டனுக்கும் இணைத்தால் வேலை முடிந்தது. பெட்டிதான் இல்லை.

பெட்டி என்றதும் அலமாரிக்காரரின் மனைவி, "அதான் இவர் இருக்காரே" என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஒரு பொருளை இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் ஒட்டுதல் வரும் என்று நினைத்திருப்பார் பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் கன்ட்ரோலரைத் திறந்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. அதைப் பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டினால் அடியில் செம்பு தெரியும். அந்தச் செம்பின் மேல் மயிரிழை மாதிரி கம்பியை வைத்து ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். கொஞ்சம் சூடு அதிகமானால் செம்பே உரிந்து வந்துவிடும், பிறகு தகட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான். மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். அலமாரிக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி, பொம்பளைப் பிள்ளை பொட்டு வைக்கிற மாதிரி இருக்கிறது என்று அபிப்பிராயம் சொன்னார்.

குச்சியை ஒரு துண்டுப் பலகையில் மாட்டி, டிவியில் இணைத்து ஓட்டிப் பார்த்தபோது, மேலே தள்ளினால் திரையில் ஆள் குனிந்தான், கீழே இழுத்தால் குதித்தான். மாப்பிள்ளை "அட" என்று சிரித்தான். குச்சியை மேலே தள்ளும்போது அதன் அடிப்பாகம் எதிர்ப்பக்கம் சாய்ந்து கீழே இருக்கிற சுவிட்சைத்தான் தொடும், அதை மறந்துபோய் மாற்றி இணைத்துவிட்டேன் என்று தன் மடத்தனத்தைத் தானே விளக்கமாகச் சொல்லிவிட்டு இரண்டு கம்பியையும் இடம் மாற்றினான். மகளும் சேர்ந்து சிரித்தாள். அலமாரிக்காரருக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. தப்பு செய்துவிட்டு இளிக்கிறான் பார், வெட்கம் மானம் ஒன்றும் கிடையாதா? தன் பட்டறையில் ஒருவன் இப்படிச் செய்துவிட்டுச் சிரித்திருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்.

போகும்போது மாப்பிள்ளை ஒரு காகிதத்தைக் கொடுத்தான். மூடியின் அளவுக்கே வெட்டிய காகிதம். இடது பக்கம் குச்சிக்கு ஒரு துளை, வலது பக்கம் பட்டன்களுக்கு இரண்டு வரிசை, விரல்கள் விரிகிற வாக்கில் வளைவாக. இதை அப்படியே பலகை மேல் ஒட்டித் துளை போட்டால் போதும் என்றான். துளை போடுவது எப்படி என்று எனக்கே சொல்லித் தருகிறானா என்று அலமாரிக்காரருக்கு மூக்கு விடைத்தது. "குடுங்க மாப்பிள்ளை" என்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் தொழிலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மைக்கா ஒட்டின பலகையை அறுக்கும்போது மைக்கா முகத்தைக் கீழே கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்துதான் அறுப்பார்கள். மெஷின் ரம்பத்தின் பல் மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும், அதனால் சிலும்பு எல்லாம் மேல்பக்கம் வரும், கீழே இருக்கிற மைக்கா நோகாது. ஆகவே குறிப்பதும் பின்பக்கத்தில்தான். கதவுக்குக் கைப்பிடி வலது பக்கம் வரவேண்டும் என்றால் பின்னால் இடது பக்கம் குறிக்க வேண்டும். அலமாரிக்காரர் இதை யோசித்தெல்லாம் செய்வதில்லை, கை தானாக மாற்றிக்கொள்ளும். ஆனால் இத்தனை வருஷமும் அவர் தன் மனசில் இருந்ததைத்தான் குறித்திருக்கிறார். அடுத்தவன் வரைந்து கொடுத்த காகிதத்தை வைத்து அவர் வேலை செய்ததே இல்லை. செய்வாரா, அது கௌரவக் குறைச்சல் அல்லவா?

கரும்பழுப்பில் நல்ல மைக்காவாக எடுத்து ஒட்டினார். காய்ந்ததும் கவிழ்த்துப் போட்டு, காகிதத்தைப் பின்பக்கத்தில் பசை தடவி ஒட்டி, கோடுகளைப் பென்சிலால் அழுத்திக் குறுக்கே நீட்டி, ஒவ்வொரு துளையாகப் போட்டார். பெட்டியின் நாலு பக்கத்தையும் மூலை பிசகாமல் பூட்டினார். எல்லாம் முடிந்து மூடியைத் திருப்பி வைத்தபோது குச்சித் துளை வலது பக்கம் இருந்தது.

பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பலகை பார்த்தவர், கத்துக்குட்டி செய்கிற தப்பைச் செய்து வைத்திருக்கிறார். அதே மைக்காவில் இன்னொரு மூடி வெட்ட மூலையில் பலகை மிச்சம் இருந்தது. ஒரு காலைப்பொழுது வேலை. அவர் கையும் அந்தப் பக்கம் போனது. அதற்குள் பாலிஷ்காரர் எட்டிப் பார்த்து, இந்தச் சாமானில் குச்சி இடது கைக்குத்தானே வரும், எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒருத்தர் வைத்திருக்கிறார் என்று சாதாரணமாகச் சொன்னார்.

"இது வேற மாதிரி. இவங்க விளையாட்டுக்கு இப்படித்தான் வேணும். காகிதத்துல அப்படித்தான் இருந்துச்சு" என்றார் அலமாரிக்காரர். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். பாலிஷ்காரர் ஒன்றைத்தான் சொன்னார், இவர் மூன்று பதில் சொன்னார். சொன்ன பிறகு அவர் கண் முன்னாலேயே இன்னொரு மூடி வெட்ட முடியுமா? ஓரத்துக்குப் பட்டி ஒட்டித் துடைத்து, பெட்டியை மூடிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்றைக்கு அங்கே தொடங்கியது.

மாப்பிள்ளை பெட்டியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தான். பிரமாதம் மாமா, கடையில் வாங்கினால் கூட இப்படி இருக்காது என்றான். அப்புறம் அவன் விரல்கள் துளைகள் மேல் நின்றன. காகிதத்தை ஒட்டும்போது பக்கம் மாறிவிட்டதோ என்று மெதுவாக இழுத்தான். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அன்றைக்குக் கம்பி மாறியதற்குச் சிரித்தானே, அது மாதிரி இப்போதும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்த வீட்டில் அதை உடைக்கிற முறை மாமனாருக்கு. "நீங்க குடுத்ததைத்தான் வெட்டியிருக்கேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கை தெரிஞ்சவனுக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன மாப்பிள்ளை? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மகள் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அவள் கையைத் தொட்டு நிறுத்தினான். "சரிங்க மாமா. பழகிக்கிறேன்" என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு அலமாரிக்காரருக்குச் சோறு இறங்கியதா என்று கேட்டால், இறங்கியது. ஆனால் பட்டறைக்குள் நுழைந்தால் மூலையில் இருந்த அந்த மிச்சப் பலகையில்தான் முதலில் கண் போகும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்போதும் நேரம் இருந்தது. பையனுக்கு வேலை போகப்போகிறது, மகள் ஒருத்தி சம்பளத்தில் இரண்டு பேர் எப்படி ஓட்டுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். சொல்ல வாய் வரவில்லை. வாய் வராததற்குக் கோபம் யார் மேல் வந்தது தெரியுமா? மாப்பிள்ளை மேல். ஆண்பிள்ளையாக இருந்தால் நேருக்கு நேர் நின்று, நீங்கள்தான் தப்பாக வெட்டினீர்கள் என்று சண்டை போடமாட்டானா? முதுகெலும்பு இல்லாதவன். இவனை எல்லாம் நம்பி ஒரு பெண் வாழ்கிறாள். அடேயப்பா, மனுஷன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எங்கெல்லாம் போய் நிற்கிறான்.

இடையில் ஓரிரு தடவை மகள் வீட்டுக்குப் போனார். பெட்டி டிவிக்கு முன்னால் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. மைக்காவில் கீறல் விழக்கூடாது என்று மூடி வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை, பொருளின் அருமை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பழகிவிட்டதா என்று கேட்டார். நன்றாகப் பழகிவிட்டது மாமா என்றான் மாப்பிள்ளை. அலமாரிக்காரருக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதான், எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

போட்டி நாளன்று மனைவிக்குக் காய்ச்சல். நீங்களாவது போய் நில்லுங்கள் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால் அலமாரிக்காரர் போனார். புதுக் கூடத்தில் இன்னும் பெயின்ட் வாசனை. இருட்டும் கலர் விளக்கும் காதைப் பிளக்கிற சத்தமும். தடிமாடு மாதிரி வளர்ந்தவர்கள் எல்லாம் ஒரு பொம்மை இன்னொரு பொம்மையை உதைப்பதற்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஓடிய அலமாரியைப் பார்த்தார். ஓரப் பட்டி இரண்டு இடத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. இவ்வளவு செலவு செய்து திறக்கிறவர்களுக்கு ஒரு நல்ல ஆசாரி கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவன் பையிலிருந்து பெட்டியை எடுத்து மடியில் வைத்தான். அலமாரிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். குச்சி இடது பக்கம் இருந்தது.

பெட்டி அவருடையதுதான். நாலு பக்கமும் அதே கரும்பழுப்பு, அதே மூலைகள். மூடி மட்டும் பூச்சில்லாத வெறும் மரம். அதன் மேல் பென்சில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின, ஒரு ஓரத்தில் பசையோடு காகிதம் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கோடுகள். மூடியைக் கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறான். மைக்கா முகம் உள்ளே, பின்பக்கம் வெளியே. சிலும்பை மட்டும் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்திருக்கிறான். அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் இடது வலது சரியாகிவிடும் என்கிற இந்தச் சுண்டைக்காய் விஷயம் அலமாரிக்காரரின் புத்தியில் ஒரு தடவை கூட எட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை ஊருக்குக் காட்டலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

"என்னம்மா இது?" என்றார் மகளிடம்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருக்குக் கை வரலப்பா. ரொம்ப முயற்சி பண்ணாரு. அப்புறம் திருப்பிப் போட்டுப் பார்த்தாரு, சரியா வந்துருச்சு."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்களுக்கே தெரியாம பக்கம் மாறிப்போயிருக்கு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. வயசான காலத்துல எதுக்கு?" அவள் குரலில் கோபம் இல்லை. "அதான் நீங்க வர்றப்ப துண்டைப் போட்டு மூடிருவோம்."

வாழ்நாள் முழுக்க ஊரையே இளக்காரமாகப் பார்த்தவரை, அவர் பெற்ற பெண் பாவம் பார்த்திருக்கிறாள். திட்டியிருந்தால் கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, முகம் மட்டும் சுட்டது.

மாப்பிள்ளை முதல் ஆட்டத்தில் ஜெயித்தான். இரண்டாவதில் தட்டுத்தடுமாறி ஜெயித்தான். மூன்றாவதில் எதிரே உட்கார்ந்தவன் கில்லாடி, நின்று மூச்சு விட நேரம் தரவில்லை. முடிந்தது. கடைசி எட்டுப் பேர் வரைக்கும் வரவில்லை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஜெயித்தவனுக்குக் கை கொடுத்துவிட்டு, பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். வேலை போச்சு என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அவன் பெட்டியைப் பையில் வைப்பதற்குள் கூடத்து மெஷின்களுக்கெல்லாம் பொறுப்பான மேனேஜர் அம்மா வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் திருப்புளி. பொம்பளைக்கு எதற்கு இந்த வேஷம் என்று அலமாரிக்காரர் நினைத்தார், இந்த நிலைமையிலும் பழக்கம் போகவில்லை. அந்த அம்மா ஆட்டத்தைப் பார்க்கவில்லையாம், பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். திறந்து பார்க்கலாமா என்று கேட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடியின் உள்பக்கத்தில் விரலை ஓட்டினார்.

"மைக்காவை உள்ள வச்சு மரத்தை வெளிய விட்டிருக்கீங்க" என்றார். "எங்க பெட்டி எல்லாம் வழவழன்னு இருக்கு. ரெண்டு ஆட்டம் ஆடினா வேர்வையில கை வழுக்குது. இது வழுக்கல, உள்ள தூசியும் தங்கல. யாரோட யோசனை?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். துண்டு இல்லாமல் பெட்டி அவர் முன்னால் கிடக்கிறது, என்னத்தைச் சொல்லிச் சமாளிப்பது என்கிற பதற்றம் அவன் முகத்தில் தெரிந்தது. "எங்க மாமா செஞ்ச பெட்டிங்க" என்றான்.

அந்த அம்மா எழுந்து அலமாரிக்காரர் பக்கம் திரும்பினார். "அப்படியா! ஐயா, எங்க பெட்டி எல்லாத்தையும் மாத்தணும். இப்படி யோசிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும். நிரந்தர வேலை. நீங்க வர்றீங்களா?"

அலமாரிக்காரர் மூடியைப் பார்த்தார். கிழிந்த காகிதத்தைப் பார்த்தார். "எந்த மடையனாவது மைக்காவை உள்ள வைப்பானா?" என்றார். "இதைப் போய் நான் செய்வேனா? யோசனை இவரோடது."

மேனேஜர் அம்மா சிரித்துவிட்டார். பெரியவருக்குத் தன்னடக்கம் அதிகம் என்று மகளிடம் சொன்னார். மாப்பிள்ளையும், ஆமாங்க, அவர் எப்பவும் இப்படித்தான் பேசுவார் என்று சேர்ந்துகொண்டான். அடப்பாவி, உன் சோற்றை நீயே தட்டிவிடுகிறாயே என்று அலமாரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தன்னடக்கம் எல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். குரல் சற்று ஏறிவிட்டது. "நான் மூடியைத் தப்பா வெட்டிட்டேன். காகிதத்தைப் பின்பக்கம் ஒட்டிட்டேன். குச்சி வலது பக்கம் போயிருச்சு."

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் அந்த அம்மா, விடாமல். "தப்பைக் கண்டுபிடிச்சதும் பலகையை வீணாக்காம திருப்பிப் போட்டீங்க பாருங்க, அதுதான் கெட்டிக்காரத்தனம்."

சரி என்று தலையாட்டினால் முடிந்தது. பெயர் அவருக்கு, வேலை அவருக்கு, தெரியாமல் செய்த தப்பு என்று மகள் வைத்திருந்த மன்னிப்பும் அவருக்கு. மாப்பிள்ளை குனிந்து திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இவன் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கமாட்டான், சனியன் பிடித்தவன்.

"நான் திருப்பிப் போடல" என்றார் அலமாரிக்காரர். "தப்பைப் பார்த்தேன். வெட்டி முடிச்ச அன்னிக்கே பார்த்தேன். வேற மூடி வெட்டப் பலகையும் இருந்துச்சு. வெட்டல. தப்புன்னு தெரிஞ்சே இவர் கையில குடுத்தேன், இவரு கேட்டப்ப இவரையே மட்டம் தட்டினேன். திருப்பினது, தேய்ச்சது, கம்பி ஒட்டினது எல்லாம் இவரு. வேலைய இவருக்குக் குடுங்க."

மேனேஜர் அம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நீங்கள் உள்ளே வாருங்கள், பேசலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை இரண்டு எட்டு நடந்து மாமனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

மகள் அப்படியே நின்றாள். அந்தத் துண்டை அவள் போட்டு மூடியது, தெரியாமல் தப்பு செய்துவிட்ட ஒரு கிழவருக்காக.

"தெரிஞ்சேவாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார்.